பாலிஷிங் மெஷினில் "பவர் பத்தல": வாட்டைக் கூட்டுவதற்கு முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்

கார் பாலிஷ் வேலை செய்கிற தம்பிகள் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சொல்கிற புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "பவர் பத்தல." கூடவே முடிவும் எடுத்து வைத்திருப்பார்கள். இதைத் தள்ளிவிட்டு இன்னும் பெரிய வாட்டில் ஒன்று வாங்க வேண்டும் என்று. அந்த முடிவு சரியாக இருப்பது அபூர்வம். மெஷின் திணறுவதற்கு வயர், வோல்டேஜ், பேட், கார்பன், அழுத்துகிற கை என்று எத்தனையோ காரணம் இருக்கும். அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியில் அச்சடித்த எண்ணை மட்டும் கூட்டினால், பழைய தொந்தரவு புது மெஷினிலும் வந்து நிற்கும். கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தகட்டைப் படியுங்கள்

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மெஷின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் இருக்கிற வாட், மெஷின் பிளக்கிலிருந்து இழுக்கிற மின்சாரத்தின் அளவு. பெயின்ட்டைத் தேய்க்கிற பேட்டின் முனையில் கிடைக்கிற வேலை அதைவிடக் குறைவு. கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில், இழுப்பதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் சுழற்சியாக வெளியே வரும். மீதி சூடாகவும், காற்றாடி சுற்றவும், கியர் உராய்வாகவும் போய்விடும். நல்ல கம்பெனிகள் கேட்லாக்கில் இன்புட் வாட், அவுட்புட் வாட் இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கின்றன. ஒரே ஒரு பெரிய எண் மட்டும் இருந்தால் அது இன்புட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண் உண்மைதானா என்று கடையில் நின்றபடியே சோதிக்கலாம். தகட்டில் ஆம்பியர் போட்டிருந்தால் 230 வோல்ட்டால் பெருக்குங்கள். 5 ஆம்பியர் என்று போட்டுவிட்டுப் பக்கத்தில் 1600 வாட் என்றிருந்தால் கணக்கு உதைக்கிறது. 5 ஆம்பியருக்கு 1150 வாட்டுக்கு மேல் வர வழியில்லை. சிலவற்றில் "2 எச்.பி." என்று போட்டிருக்கும். ஒரு எச்.பி. 746 வாட். 1000 வாட் இழுக்கிற மெஷின் 2 எச்.பி. தருகிறது என்றால், உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம் என்றாகிறது. அது மோட்டார் நின்றுபோகிற நொடியில் இழுக்கும் உச்ச அளவாக இருக்கலாம், அந்த அளவில் அதை ஓட்ட முடியாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தகட்டு வாட் முழு வேகத்துக்கான எண். டயலைக் குறைத்து நிமிடத்துக்கு 1200 சுற்றில் ஓட்டும்போது அதே மோட்டாரிடம் அதே சக்தியைக் கேட்க முடியாது, ஏனென்றால் சக்தி என்பது முறுக்கு விசையும் வேகமும் சேர்ந்தது. வேகம் பாதியானால் கிடைக்கிற சக்தியும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அறிகுறி: சும்மா சுற்றும்போது பிரமாதம், பேட்டை வைத்ததும் சுற்று விழுகிறது

அதிகம் வருவது இதுதான். குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்து சொன்னார்:

"அண்ணே, 1600 வாட்டுன்னு சொல்லித்தான் தந்தாவ. பானட்டுல வச்சு லேசா அமுக்குனா போதும், அப்படியே இறங்கிருது."

"எங்க வச்சு ஓட்டுன மக்களே?"

"வீட்டு முத்தத்துல. உள்ள ரூம்ல இருக்க பிளக்குலருந்து ஒயரு இழுத்தேன்."

"அந்த ஒயர எடுத்துட்டு வா."

வந்தது பாதி அவிழ்த்த ஒரு சுருள். மெல்லிய வயர், 30 மீட்டர் இருக்கும். பிளக்கின் ஒரு பின் அடியில் பழுப்பேறிப் பிளாஸ்டிக் லேசாக இளகியிருந்தது. மெஷினைத் திறக்கும் முன்பே காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 0.75 சதுர மி.மீ. செப்பு வயர் 30 மீட்டர் என்றால் மின்சாரம் போய்வருகிற தூரம் 60 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 1.6 ஓம். 1250 வாட் மெஷின் முழு லோடில் இழுக்கிற ஐந்தரை ஆம்பியர் அதில் போனால் 8 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தின்றுவிடும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 3 வோல்ட்டுக்குள் அடங்கும். 8 வோல்ட் சின்ன எண்தானே என்று தோன்றும். ஆனால் டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில், லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில், எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடுகிற சாயங்கால வேளையில் பிளக்கிலேயே 205 வோல்ட்தான் இருக்கிறது என்று வையுங்கள். வயரில் போனது போக மெஷினுக்கு 197. மோட்டாரின் சக்தி வோல்டேஜின் இருமடிப்படி ஏறி இறங்குவது போலத்தான் நடந்துகொள்ளும், ஆகவே கால் பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. இந்த இடத்தில் அந்தத் தம்பியைப் போல 1600 வாட் மெஷினை மாட்டினால் அது இன்னும் அதிக ஆம்பியர் கேட்கும், வயரில் இன்னும் அதிகம் இழக்கும்.

சோதிக்கிற முறை: பேட்டைப் பானட்டில் வைத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, மெஷின் மாட்டியிருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பக்கத்து சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது காட்டுகிற வோல்டேஜ் மட்டும் எதையும் சொல்லாது. லோடில் 10 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் வயரைச் சந்தேகப்படுங்கள். சுருளாகவே வைத்து ஓட்டாதீர்கள். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், இல்லையென்றால் சுருளுக்குள்ளேயே சூடு சேர்ந்து இன்சுலேஷன் உருகும்.

வோல்டேஜ் சரியாக இருக்கிறதா? அடுத்தது காது. டயலை நடுவில், சுமார் 1500 சுற்றில் வைத்து ஓடவிட்டு, பேட்டை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் இறங்கி உடனே பழைய நிலைக்கு ஏறினால் உள்ளே வேகத்தைப் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. கேட்லாக்கில் கான்ஸ்டன்ட் ஸ்பீடு என்று போடுவது இதைத்தான். இறங்கிய சத்தம் இறங்கியபடியே இருந்தால் அது இல்லாத மெஷின். என் கருத்தில், இந்த வசதியுள்ள 1000 வாட் மெஷின், அது இல்லாத 1600 வாட் மெஷினைவிட ஒரு நாள் வேலைக்கு எவ்வளவோ மேல். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

அதற்கும் பிறகு பேட். காம்பவுண்ட் (பேட்டில் வைத்துத் தேய்க்கிற பாலிஷ் பசை) காய்ந்து போனால் பேட் பெயின்ட்டைக் கவ்விப் பிடிக்கும், மோட்டார் திணறும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து காற்று வீசுகிற ஆடி மாதத்தில், தோவாளை பக்கம் திறந்த வெளியில் பாலிஷ் போட்டவர்களுக்கு இது தெரியும். பாதிப் பானட் முடிவதற்குள் காம்பவுண்ட் மாவாகிவிடும். மறைப்புக் கட்டுங்கள், ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி மட்டும் எடுங்கள்.

மெஷின் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று வீட்டிலேயே அளக்க

கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். வீட்டு மின்சார மீட்டரில் சிவப்பாக மின்னுகிற சின்ன விளக்கு இருக்கிறதல்லவா, அது போதும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சடித்திருக்கும். 3200 பல மீட்டர்களில் காணலாம், உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒருவர் பழைய பானட்டில் பாலிஷ் போட, இன்னொருவர் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணட்டும். அந்த எண்ணிக்கையை 60,000 ஆல் பெருக்கி, மீட்டரில் போட்டிருக்கும் துடிப்பு எண்ணால் வகுத்தால் வாட். 3200 துடிப்பு மீட்டரில் நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் 750 வாட். செய்து பார்க்கிறவர்கள் பலர் ஆச்சரியப்படுவார்கள்: தங்கள் வழக்கமான வேலைக்கு மெஷின் தகட்டு எண்ணில் ஒரு பங்கைத்தான் இழுக்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கிற சக்தியே மிச்சமிருக்கும்போது இன்னும் பெரியது எதற்கு?

எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருந்தால் அதிலும் ஆம்பியர் பார்க்கலாம். ஒரே ஒரு வயரை மட்டும் வளையத்துக்குள் விட வேண்டும். முழுக் கேபிளையும் விட்டால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துவிட்டுப் பூஜ்யம் காட்டும்.

அறிகுறி: டி.ஏ. மெஷின் அதிர்கிறது, ஆனால் பேட் சுற்றவில்லை

இதற்கும் வாட்டுக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு குழப்பத்தால்தான் பலர் நல்ல மெஷினை விற்றுவிடுகிறார்கள்.

டி.ஏ. என்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷினில் மோட்டார் பேட்டை நேரடியாகச் சுற்றுவதில்லை. மையம் விலகிய அச்சில் பேட்டைத் தட்டாமாலையாக ஆட்டுகிறது. பேட் தன்னைத்தானே சுற்றுவது பேரிங்கின் இழுப்பில் தானாக நடப்பது. நீங்கள் அழுத்தினால் அந்தச் சுற்று நின்றுவிடும், ஆட்டம் மட்டும் மிஞ்சும். 500 வாட் மோட்டாரானாலும் 1000 வாட் மோட்டாரானாலும் அந்த நிலையில் நின்றுதான் போகும். இத்தாலியின் ரூப்பஸ் கம்பெனி 21 மி.மீ. ஆட்டம் கொண்ட பெரிய டி.ஏ. மெஷினையே 500 வாட் என்றுதான் தகட்டில் போடுகிறது. பேட்டை மோட்டாரே நேரடியாகச் சுற்றுகிற போஷின் 1250 வாட் ரோட்டரியோடு அதை எண்ணை வைத்து ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு. ரோட்டரிக்கு வாட் தேவைப்படுகிற விதத்தில் டி.ஏ.வுக்குத் தேவைப்படாது.

பேட் ஒட்டியிருக்கிற பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு நிதானமாகச் சுற்றி வருவது கண்ணில் பட வேண்டும். நின்றால், முதலில் கையின் பாரத்தைக் குறையுங்கள். பிறகு மெஷினைச் சாய்க்காமல் மட்டமாகப் பிடியுங்கள். வளைந்த இடத்தில் பெரிய பேட்டின் ஒரு ஓரம் மட்டும் அழுந்தும், அங்கே சின்ன பேட்டுக்கு மாறுங்கள். பேட் காம்பவுண்டில் ஊறி கனத்திருந்தால் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள் அல்லது வேறு பேட் போடுங்கள். மிகத் தடிமனான ஃபோம் பேட்டும் ஆட்டத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். மெல்லிய பேட் போட்டதும் மெஷின் புதிதானது போல இருக்கும். டயல் 2, 3 இல் வைத்துக்கொண்டு வெட்டு வேலை எதிர்பார்க்காதீர்கள், 4, 5 க்குப் போங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் நின்றால், மெஷினைத் தூக்கிப் பிடித்துக் கையால் பிளேட்டைச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று தட்டினால் பேரிங் போயிருக்கிறது. கடலோரத்தில் இது சீக்கிரம் வரும்.

கையின் பாரத்தைக் குறைக்கவே முடியாது, பழைய வண்டிகளில் ஆழமான கீறல்தான் எப்போதும் வேலை என்றால், கியர் வைத்துக் கட்டாயமாகச் சுற்றும் வகை டி.ஏ. இருக்கிறது. அதில் மோட்டார் சக்திக்கு அர்த்தம் உண்டு, அழுத்தினாலும் சுற்றும்.

அறிகுறி: மெஷின் கை வைக்க முடியாமல் சுடுகிறது, கருகல் வாசம் வருகிறது

மோட்டாரைக் குளிர வைக்கிற காற்றாடி மோட்டார் அச்சிலேயே இருக்கிறது. குறைந்த வேகத்தில் வைத்து அழுத்தி வேலை வாங்கினால் காற்று குறையும், சூடு கூடும். அரை நாள் இப்படி ஓட்டினால் எந்த வாட் மெஷினும் வெந்துபோகும். ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் முழு வேகத்தில் சும்மா ஓடவிடுங்கள்; நிறுத்தி வைப்பதைவிட அது சீக்கிரம் ஆறும். தகட்டில் 30 நிமிடம் என்றோ, ஓட்டும் நேரத்தின் சதவீதம் என்றோ ஏதாவது குறித்திருந்தால், அந்த வாட் தொடர்ந்து ஓட்டுவதற்கானது இல்லை என்று பொருள்.

காற்றுத் துவாரங்களில் ஊல் பேட்டின் பஞ்சும் காம்பவுண்ட் தூளும் அடைத்திருக்கும், ஊதிவிடுங்கள். கார்பனைக் கழற்றிப் பாருங்கள். எல்லைக்கோடு வரை தேய்ந்திருந்தாலோ, கோடு இல்லாதவற்றில் 5 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டாலோ இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடற்கரை ஊர்களில் கார்பனை அழுத்துகிற ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகிவிடுவதையும் பார்க்கலாம். கார்பன் நீளமாக இருக்கும், ஆனால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரைத் தொடாது. மெஷின் விட்டுவிட்டு ஓடும், "பவர் பத்தல" என்று தோன்றும். வேலை முடிந்ததும் துடைத்து, மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

துவாரம் வழியாகச் சின்னச் சின்ன நீலப் பொறி தெரிவது இயல்பு. ஆர்மேச்சரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே அணையுங்கள். அது காயில் கட்டுகிறவரிடம் போக வேண்டிய மெஷின்.

அறிகுறி: ஆன் பண்ணியதும் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக அணைகிற சுவிட்ச்) விழுகிறது

230 வோல்ட்டில் 6 ஆம்பியர் சாக்கெட் 1380 வாட் வரை தாங்கும். 1250 வாட் ரோட்டரி ஒன்றாக மட்டும் ஓடினால் போதும். அதே லைனில் வாக்குவம் கிளீனரும் வாட்டர் சர்வீஸ் பம்ப்பும் ஓடினால் விழத்தான் செய்யும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாறுங்கள்.

ஓடும்போது விழாமல் ஸ்டார்ட் ஆகிற நொடியில் மட்டும் விழுந்தால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கூடுதல் ஆம்பியர்தான் காரணம். சாஃப்ட் ஸ்டார்ட் உள்ள மெஷினில் இது வராது. விழுவது எம்.சி.பி. இல்லாமல், கசிவைக் கண்டு அணைகிற ஆர்.சி.சி.பி. என்றால் விஷயமே வேறு, மின்சாரம் கசிகிறது. ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறவர் நீங்கள். அந்த மெஷினைச் சரிபார்க்கும் வரை தொடாதீர்கள், ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேரடியாக லைன் கொடுக்கவும் கூடாது.

அறிகுறி: ஜெனரேட்டரில், இன்வெர்ட்டரில் வேகம் ஏறி இறங்குகிறது

கரண்ட் இல்லாத இடத்துக்குப் போய் வேலை செய்கிறவர்களுக்கு. ஜெனரேட்டரில் எழுதியிருப்பது கே.வி.ஏ.; சிறிய செட்டுகளில் அதில் 80 சதவீதத்தை வாட்டாக எடுத்துக்கொள்ளலாம். 1 கே.வி.ஏ. செட் 800 வாட். 1250 வாட் ரோட்டரிக்கு 2.5 கே.வி.ஏ. இருந்தால் நிம்மதி. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் மெஷினின் ஸ்பீடு கன்ட்ரோல் குழம்பும். அதில் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: பெயின்ட் சுடுகிறது, வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கோடு

இங்கே சிக்கல் சக்தி குறைவில்லை, அதிகம். 180 மி.மீ. பேட் 3000 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 28 மீட்டர். 1200 சுற்றில் 11 மீட்டர். காரின் மேல் பூசிய கிளியர் கோட் மொத்தமே 35 முதல் 50 மைக்ரான் அளவுதான். கதவு விளிம்பிலும் பானட் மடிப்பிலும் இன்னும் மெல்லியது. பெரிய வாட் மெஷின் அந்த விளிம்பில் சிக்கினால் வேகம் குறையாமல் அறுத்துக்கொண்டு போகும், சின்ன மெஷினாக இருந்தால் திணறி உங்களை எச்சரித்திருக்கும். கற்றுக்கொள்கிற பையன் கையில் நான் 1400 வாட் ரோட்டரியைக் கொடுக்க மாட்டேன். டி.ஏ.வில் தொடங்கட்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் பேட் மாட்டி, "அதுவும் 850 வாட்தானே" என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று. வாட் ஒன்றாக இருந்தாலும் அது பெயின்ட்டைத் தொடக்கூடாத கருவி. ஃபேன் ரெகுலேட்டரை இடையில் போட்டு வேகத்தைக் குறைப்பதும் வேண்டாம். அந்த லோடுக்கு ரெகுலேட்டர் எரிந்துபோகும்.

கோடுகள் வட்டமாக இல்லாமல் தாறுமாறாக, ஆழமாக இருந்தால் மணலைச் சந்தேகப்படுங்கள். மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கானோடு கார்னெட்டும் இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாளில் உராய்வுப் பொருளாகவே பயன்படுகிற கனிமம். கடலோரத்தில் நிற்கிற வண்டியில் அது ஒட்டியிருக்கும்போது பேட்டை வைத்தால், மெஷினுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறதோ அவ்வளவு கீறல். நன்றாகக் கழுவி, கிளே பார் (ஒட்டியிருக்கும் தூளை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி) போட்ட பிறகே மெஷினை எடுங்கள்.

அறிகுறி: பேட்டரி மெஷினில் வாட்டே போடவில்லை, சீக்கிரம் சார்ஜ் இறங்குகிறது

இங்கே வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 90 வாட்-அவர் இருக்கிறது. மெஷின் சராசரியாக 300 வாட் இழுத்தால் 18 நிமிடம். கடையில் "20 வோல்ட்" என்று காட்டினால் அது முழு சார்ஜில் தொடுகிற உச்சம். வேலை நேரத்தில் அதுவும் 18 வோல்ட் பேட்டரிதான், இரண்டும் ஒன்றே. முழு வண்டிக்கு இரண்டு பேட்டரியின் ஒரு தடவைச் சார்ஜ் போதாது, ஒன்று ஓடும்போது மற்றொன்று சார்ஜில் இருக்க வேண்டும். பம்பர், ஹெட்லைட், கதவுக் கைப்பிடிக் குழி மாதிரி இடங்களுக்கு மட்டும் பேட்டரி மெஷின் வைத்துக்கொண்டு, பானட்டுக்கும் கூரைக்கும் வயர் மெஷினை எடுப்பதுதான் இப்போதைக்குக் கட்டுப்படியாகும்.